பத்தொன்பதே கால் மில்லிமீட்டர்

பர்கூர் பக்கம் ஒரு மாந்தோப்பில்
ரயில்பாதைக்கு என்று மூன்றாம் முறை அளந்துவிட்டு வந்தேன்.
செயின்மேன் திம்மராயன் குச்சியைப் பிடித்து நிற்க,
தோப்புக்காரர் கேட்டார்:
"போன வாட்டி நட்ட கல்ல வெச்சிருக்கட்டுமா,
புடுங்கிடட்டுமா மேடம்?"
தெரியாது என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இலண்டன்பேட்டை மாடியில் எட்டுக்குப் பத்து அறை.
கதவு உள்பக்கமாகத் திறக்கிறது,
திட்டத்தின் முதல் சிக்கல் அதுதான்.
ஏழு தாள் வரைந்தேன்.
ஏழிலும் பாதை வாசலைக் கடந்தது.
கடைசியில் கீல் வைத்த பாலம் ஒன்று போட்டேன்.
ஆள் வந்தால் தூக்க வேண்டும்,
வண்டி வந்தால் இறக்க வேண்டும்.
சம்பங்கி குனிந்து நுழையப் பழகிவிட்டார்.
கையில் காப்பி இருக்கும் நாளில் மட்டும்
வாசலில் நின்று
"கேட்டைத் திற" என்று கத்துவார்.

பெங்களூரில் தண்டவாளம் டப்பாவில் கிடைக்கிறது,
வளைத்து, ஆணி ஓட்டை போட்டு, தயாராக.
பதினாறரை மில்லி அகலம்.
அது வேறு தேசத்து அகலம்.
நம்முடைய ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறை
எண்பத்தேழால் வகுத்துப் பாருங்கள்:
பத்தொன்பதே கால், ஒரு மயிரிழை கூட.
யாருக்குத் தெரியப்போகிறது என்றார் சம்பங்கி.
எனக்குத் தெரியுமே.

ஆகவே கட்டைகளிலிருந்து தொடங்கினேன்.
மாம்பழப் பெட்டிப் பலகையைக் கீறி
டீத்தூள் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தேன்.
ஐந்துக்கு ஒன்று செம்பு பூசிய அட்டை,
அதன் நடுவில் அரத்தால் ஒரு கோடு.
கோட்டை மறந்தால் இரண்டு தண்டவாளமும்
ஒன்றையொன்று தொட்டுவிடும், மின்சாரம் வழியாக.
நான்கு இடத்தில் மறந்தேன்.
கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.
ஜல்லி, கிரானைட் பட்டறைக்குப் பின்னால் கொட்டியது;
ரவை சல்லடையில் சலித்தேன்.
பாரடைசோ ரகம், லேசாக ஊதா அடிக்கிறது.
அடிக்கட்டும்.

பாதை பிரியும் இடம்தான் என்னைப் படுத்தியது.
இரண்டு தண்டவாளத்தைச் சீவி
ஒரே முனையாக ஈயம் வைத்து ஒட்ட வேண்டும்,
முனை நகத்தில் கீறினால் வெள்ளைக்கோடு விழ வேண்டும்.
எஞ்சின் தாண்டும்.
முதல் பெட்டி தாண்டும், இரண்டாவதும்.
மூன்றாவது மட்டும் தினமும் துள்ளி இறங்கி
குப்புறக் கிடக்கும்.
முனையை அரைத்தேன், காவல் தண்டவாளத்தை நகர்த்தினேன்,
முனையைப் பிய்த்து மறுபடி ஒட்டினேன்.
இருபத்தோராம் நாள்
பெட்டியைத் திருப்பிச் சக்கரத்தை அளந்தேன்.
அச்சில் அரை மில்லி குறைவு.
பாதையில் பிழையே இல்லை.
அன்று இரவு எனக்குத் தூக்கமும் இல்லை.

வீடுகளை முன்னாடியே செய்துவைத்தது என் தவறு.
அட்டையில் எங்கள் மாடி வீடு,
மொட்டை மாடித் துணிக்கயிறு வரை சரியாக.
ஸ்டேஷன் வளைவு நேராக அதன் சமையலறைக்குள் போனது.
விரைவு பேருந்துக்கு நேரமிருந்து மேலே வந்த திம்மராயன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.
"நம்ம வூடே போவுது மேடம்."
வளைவை இறுக்கினால் எஞ்சின் திரும்பாது.
வளைவை விரித்தால் மசூதித் தெரு போகும்.
கத்தியை எடுத்தேன்.
சம்பங்கி இழப்பீடு கேட்டார்;
ஒரு டியூப் பசை என்று தீர்மானமானது.

தோப்பு ஓரத்தில் ஒரு கருங்கல் துணுக்கு,
மஞ்சள் பெயிண்ட் தொட்டு நட்டிருக்கிறேன்.
பாதை அதைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது.
பிடுங்கவில்லை.

இனி பெயர்ப்பலகை.
கிருஷ்ணகிரி, மூன்று மொழியில்,
மஞ்சளில் கறுப்பு, ஒற்றை மயிர்த் தூரிகை.
கீழ் வரியில்
கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று வர வேண்டும்.
ஊரில் எந்த இடத்து உயரமும் என்னிடம் இருக்கிறது,
அணை, மலை உச்சி, ரவுண்டானா.
ஸ்டேஷன் எந்த இடம் என்றுதான்
யாரும் இன்னும் சொல்லவில்லை.

மீட்டர் என்று எழுதிவிட்டேன்.
முன்னால் மூன்று எண்ணுக்கு
இடம் விட்டிருக்கிறேன்.